நாலாம் எண் தகடு

சண்முகவடிவு பிஸ்கட் டப்பாவைத் திறந்து நாலை எடுத்தாள். இன்றைக்கு மாற்ற வேண்டியது ஒரே ஒரு தகடுதான். நேற்று 2303, இன்று 2304. மூன்றைக் கழற்றிவிட்டு நாலை மாட்டினால் முடிந்தது, அரை நிமிஷ வேலை. ஆனால் எட்டு பத்துக்கு எடுத்த தகடு எட்டு இருபதுக்கும் அவள் மடியிலேயே கிடந்தது. தகரத்தின் ஓரத்தில் ஓரிடம் பிசிறாக இருந்தது, கட்டைவிரல் அதிலேயே போய்ப் போய் நின்றது. பெயின்டர் ராவாமல் விட்ட பிசிறு. ஆறு வருஷமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்த விஷயங்களில் அதுவும் ஒன்று. ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவருக்கு மறக்க எவ்வளவோ இருக்கிறது, ஜெனரேட்டர் டீசல், ஒழுகும் தண்ணீர்த் தொட்டி, பிணவறைக்குப் பூட்டு. இந்தப் பலகையை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. பிரசவ வார்டு வாசலில், உள்ளே வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது அது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து: ‘இம்மருத்துவமனையில் கடைசியாகத் தாய் இறப்பு நேர்ந்து இன்றோடு’, அதன் கீழே நான்கு கொக்கிகள், அதன் கீழே ‘நாட்கள்.’ காலை எட்டரைக்கு அதைத் தலைமை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. அவளே போட்ட சட்டம். நூறு நாளுக்கு ஒரு தடவை எல்லோருக்கும் கேசரி. ஆயிரமாவது நாள் வாட்ச்மேன் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள், பிரசவ வலியில் நடந்துகொண்டிருந்த ஒருத்திகூட நின்று கைதட்டிவிட்டு மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்று ஒன்பது மணிக்கு இரண்டு வேனில் நாற்பது ஆஸ்பத்திரிகளின் டாக்டர்கள் வருகிறார்கள், இந்தப் பலகையைப் பார்க்க. அவர்களுக்கென்று நாற்பது நீலப் பலகைகள் ஏற்கெனவே எழுதி, காய்ந்து, மருந்துக் கிடங்கில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். போய் மாட்டுவார்கள். எழுந்திரு வடிவு, எட்டரை ஆகப்போகிறது.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பலகையும் தெரிகிறது, பலகைக்குக் கீழே இருக்கும் பெஞ்சும் தெரிகிறது, பெஞ்சில் பேச்சிமுத்து உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு மஞ்சள் துண்டு, துண்டுக்குள் குழந்தை. இன்று தடுப்பூசி நாள், குழந்தைக்கு நாற்பத்தைந்து நாள் ஊசி போட வந்திருக்கிறான். வருவான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். டாக்டர்தானே, ஒரு குழந்தை பிறந்தால் எந்த நாளில் எந்த ஊசிக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இந்த நாளைக் காலண்டரில் பார்த்து, அன்றைக்கா வேன் வர வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்து, ஊசி போடுகிற இடம் பின்பக்கம்தானே, அவன் முன்பக்கம் வரமாட்டான் என்று சமாதானம் செய்துகொண்டவள்தானே. அவனோ வந்து நேராகப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். வேறு பெஞ்சே இல்லையா இந்த ஆஸ்பத்திரியில்? இருக்கிறது. போன வருஷம்தான் பன்னிரண்டு வாங்கிப் போட்டாள்.

அனுப்பிருங்க. ஒரு சொல்தான் சொன்னாள். நாற்பத்தைந்து நாளுக்கு முன்னால், மதியம் இரண்டே கால் மணி, கலெக்டர் ஆபீசில் மாதாந்திரக் கூட்டம், அடுத்து அவள் பேச வேண்டும், திரையில் அவளுடைய முதல் படம் வந்துவிட்டது, படத்தில் பெரிதாக 2259. போன் அதிர்ந்தது. டியூட்டி டாக்டர் ஆல்வின், இருபத்தொன்பது வயசுப் பையன், நல்ல கை, அவளே பழக்கிய கை. “மேடம், இசக்கியம்மாள்னு ஒரு கேஸ், ஒன்னே முக்காலுக்கு டெலிவரி, பெண் குழந்தை, நல்லா இருக்கு. அம்மாவுக்கு ப்ளீடிங் நிக்கல. ஊசி எல்லாம் போட்டாச்சு. ரத்தம் ரெண்டு பை இருக்கு, ஏத்திட்டு தியேட்டருக்கு எடுக்கட்டுமா, இல்ல…” அந்த ‘இல்ல’வை அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை என்று இருவருக்கும் தெரியும். ‘இல்ல’வுக்குப் பின்னால் அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி, அங்கே பலகை எதுவும் கிடையாது. நாடித் துடிப்பு எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. ரத்தக் கசிவு என்று யார் சொன்னாலும் முதல் கேள்வி நாடி எவ்வளவு என்பதாக இருக்க வேண்டும் என்று ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தவள், கேட்கவில்லை. அனுப்பிருங்க என்றாள். போனைப் பைக்குள் போட்டாள். மேடைக்குப் போனாள். நன்றாகப் பேசினாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பேசிவிட்டு வந்து ஒரு உளுந்து வடை தின்றாள், சட்னி புளித்திருந்தது, அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தாள். அந்த நேரத்தில் பேச்சிமுத்துவின் மனைவி இசக்கியம்மாள், மூடிய ரயில்வே கேட்டில் ஆம்புலன்சுக்குள் கிடந்தாள். சரக்கு ரயில். நாற்பது பெட்டி. புளித்த சட்னியின் ருசி இப்போதும் நாக்கில் வந்தது, வாயைக் கொப்பளித்தாலும் போகாத ருசி.

அவசரமாக அனுப்பியது சரிதானே? பெரிய இடத்துக்கு அனுப்புவது தப்பா? சந்தேகம் என்றால் அனுப்பு என்றுதானே எல்லாச் சுற்றறிக்கையும் சொல்கிறது. மயக்க மருந்து டாக்டர் அன்றைக்கு இருந்தாரா? இருந்தார். தியேட்டர் காலியாக இருந்ததா? இருந்தது. ரத்தம்? ரத்தம் இருந்தது. பிரசவ அறையிலிருந்து இருபது எட்டு எடுத்து வைத்தால் ரத்தப் பை வைக்கிற ஃப்ரிட்ஜ். அவளே நடந்து எண்ணியிருக்கிறாள், ஏனென்றால் அந்த ஃப்ரிட்ஜை எங்கே வைப்பது என்று தீர்மானித்தவள் அவள். வள்ளிமயில் செத்ததற்குப் பிறகு. வள்ளிமயில், இருபத்திரண்டு வயசு, அவள் இங்கே பொறுப்பேற்ற மூன்றாம் மாதம், ஒரு பை ரத்தம் இல்லாமல் செத்தாள். ரத்தம் கொண்டுவரப் போன ஜீப் திரும்பி வருவதற்குள் அந்தப் பெண் உதடு வெளுத்து, நகம் வெளுத்து, அம்மா குளிருது அம்மா குளிருது என்றது. வடிவு அவளுடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். செத்த பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்தாள். அன்றைக்கு வைராக்கியம் பிடித்தது. இனி இங்கே ஒருத்தியையும் சாகவிடமாட்டேன். அந்த ஒரு ஃப்ரிட்ஜுக்கு இரண்டு வருஷம் அலைந்தாள். ரத்தச் சேமிப்பு அறைக்கு அனுமதி கேட்டு எத்தனை மனு, எத்தனை ஆபீஸ் வராந்தா. ஒரு குமாஸ்தா, நாய்க்குட்டியைத் துரத்துகிற மாதிரி கையை ஆட்டி நாளைக்கு வாங்கம்மா என்றான். அவள் மறுநாளும் போய் நின்றாள். ஃப்ரிட்ஜ் வந்த அன்று வேனிலிருந்து இறக்கும்போது தானும் ஒரு பக்கம் பிடித்தாள், பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆசை. சுவரில் அவசரப் பை, வெள்ளிக்கிழமை ஒத்திகை, மயக்க மருந்து டாக்டர், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பலகை அதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது. முதல் நாள் ஒன்று என்று மாட்டியபோது வள்ளிமயிலுக்காகத்தான் மாட்டினாள், சத்தியமாக. எந்த நாளில் அது வள்ளிமயிலை விட்டுவிட்டு வெறும் நம்பராக ஆனது? ஐந்நூறிலா, ஆயிரத்திலா? நல்ல எண்ணத்தில் வளர்த்த ஒன்று எந்த இடத்தில் திரும்பியது என்று பின்னால் போய்ப் போய்ப் பார்க்கிறாள், இடம் அகப்படவே இல்லை. பிரசவ வார்டு அற்புதமணி சிஸ்டர் ஒரு தடவை சொன்னாள். அதுவும் சாதாரணமாக, ஸ்டாக் எழுதிக்கொண்டே. “மொதல்ல ரத்தம் பத்தாம இருக்கும் மேடம். இப்பல்லாம் ஃப்ரிட்ஜுலயே காலாவதியாகித் தூரப் போடுதோம். கொஞ்சம் கஷ்டமான கேஸுன்னாலே அனுப்பிருதாங்கல்லா.” அதற்கு அவள் என்ன சொன்னாள்? நல்லதுதானே சிஸ்டர், தேவை குறைஞ்சிருக்கு என்றாள். சிரிக்கவும் சிரித்தாள். சிஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இசக்கியம்மாளுக்கு ஏற்றாத அந்த இரண்டு பை ரத்தமும் பன்னிரண்டு நாள் கழித்துக் காலாவதியானது. கழிவில் போட அனுமதித்துக் கையெழுத்துப் போட்டது யார்? சண்முகவடிவு. போட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். யாருக்கும் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிடுகிற புத்தி மட்டும் அப்போதும் வேலை செய்தது பார். மரணத் தணிக்கைக் கூட்டத்தில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ‘வழியில் நேர்ந்த இறப்பு’ என்று எழுதினார்கள். இந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வராது, அந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வராது. இருபத்து நான்கு வயசுப் பெண் ஒருத்தி எந்தக் கூரைக்கும் கீழே சாகவில்லை, ரோட்டில் செத்தாள், ரோட்டுக்கு யார் பொறுப்பு. கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு, அவளுக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும், அவளுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு காற்று இறங்கியது. வெளியே ஆல்வின் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. “மேடம், இங்கயே வச்சுப் பார்த்திருக்கணுமோ?” இல்ல தம்பி, சரியாத்தான் செஞ்சீங்க என்று முதுகில் தட்டினாள். அன்றிலிருந்து அவன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறானாம். ஒரு பொய்யைச் சொல்லி அவனைக் காப்பாற்றியதாக நினைத்தாள், பையன் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டிருக்கிறான். நாற்பத்து நான்கு காலைகள் அவள் போய்த் தகடு மாட்டியிருக்கிறாள். 2260, 2261. முதல் நாள் கை நடுங்கியது. பத்தாம் நாள் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருக்கிறது, நடுங்காததுதான். மாட்டாமல் விட்டால்? மாட்டாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையை மாட்டினால் தணிக்கையை மறுபடி திறப்பார்கள், ஆல்வினின் மேற்படிப்பு என்ன ஆகும், இரவும் பகலும் உழைத்த நர்சுகள் முகத்தில் எப்படி விழிப்பாள், நாற்பது ஊருக்கு எடுத்துச் சொல்ல வந்த நல்ல பெயர் நாறிப்போகும், அடுத்த ஃப்ரிட்ஜுக்கு எவன் அனுமதி கொடுப்பான். எல்லாம் நியாயம்தான். நியாயமாகத்தான் இருக்கிறது எப்போதும். அந்த நாற்பது பலகைகளையும் நினைத்தாள். நாற்பது வாசலில் நாற்பது நம்பர், ஒவ்வொன்றுக்கும் பின்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு ஆல்வின், மேடம் இல்ல, இல்ல… எட்டு இருபத்தெட்டு. நாலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாட்டிவிட்டு வந்துவிடலாம். இன்றைக்கு மட்டும். அரை நிமிஷ வேலை.

அவளைக் கண்டதும் பேச்சிமுத்து பதறி எழுந்தான், ஒரு கையில் குழந்தையோடு இன்னொரு கையால் கும்பிட முடியாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டான். “டாக்டரம்மா, கும்பிடுதேன்.” உட்காருங்க என்றாள். அவன் உட்காரவில்லை. “பாப்பாவுக்கு நாப்பத்தஞ்சு நாள் ஊசி. அக்கா வரிசையில நிக்கா. நான் உங்களப் பாத்துட்டுப் போவோம்னுதான் முன்னாடி வந்தேன்.” பார்த்துட்டு என்ன கேட்கப் போகிறான்? அவனோ துண்டை விலக்கி, “ஒரு நிமிசம் பிடிங்கம்மா, அட்டையை எடுத்துக்கிடுதேன்” என்று குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டான். எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டான். பால் வாடை, வேர்வைக் கழுத்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு கோணலாக, ஆம்பிளை வைத்த பொட்டு. எடை மூன்றே முக்கால் இருக்கும் என்று கை தானாகக் கணக்குப் போட்டது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. எத்தனை ஆயிரம் குழந்தையைப் பிடித்த கை, இந்த ஒன்றைத் தாங்க முடியவில்லை.

“சின்ன டாக்டர் சொன்னாவ, நீங்கதான் உடனே அனுப்பச் சொன்னீங்கன்னு. ஒரு நிமிசம்கூட தாமசிக்கலைன்னு. உங்களால ஆனத செஞ்சீங்கம்மா. எங்க நேரம், கேட்டைப் போட்டுட்டான்” என்றான் பேச்சிமுத்து. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தவன் அதை வைத்துக்கொண்டே பலகையை நிமிர்ந்து பார்த்தான். “ரத்தம் கொறவா இருக்கு, மெடிக்கல் காலேஜுக்கே போயிருன்னு எங்கூரு நர்சம்மா அவட்ட எத்தனையோ மட்டம் சொன்னாவ. இவ கேக்கல. மாசாமாசம் செக்கப்புக்கு வரும்போது இந்தப் போர்டையே பாத்துக்கிட்டு நிப்பா. எனக்கும் காட்டுவா. அட்மிசன் போட்ட அன்னைக்கு ரெண்டாயிரத்து எரநூத்தி அம்பத்தெட்டு. பாத்தீரா, இத்தன நாளா ஒருத்தியும் சாகல, எனக்கென்ன பயம், இங்கனயே பெத்துக்கிடுதேன்னா. இதுக்குக் கீழ நின்னுக்கிட்டு என் போன்ல ஒரு போட்டோ எடுக்கச் சொன்னா.” போனை எடுத்துக் காட்டினான். கீறல் விழுந்த கண்ணாடிக்குள் இசக்கியம்மாள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தாள், தலைக்கு மேல் 2258. கண்ணுக்குக் கீழே வெளுப்பு. அந்த வெளுப்பைப் போட்டோவிலேயே கண்டுபிடிக்கலாம். வாசலில் அந்தப் பெண் நின்றபோது இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் எல்லாம் இருந்தது, ஃப்ரிட்ஜ் இருந்தது, ரத்தம் இருந்தது. அவள் நம்பி வந்ததெல்லாம் உண்மையாகவே இருந்தது. கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஐயோ என்று வடிவுக்கு வாய்விட்டே வந்துவிட்டது. பேச்சிமுத்து அதைத் தனக்கான இரக்கம் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். “அந்த நம்பர் இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. ஏறட்டும்மா. மத்த பிள்ளைகளாவது நல்லா இருக்கட்டும்.”

குழந்தையை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். அற்புதமணி வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் ஆல்வின். எட்டரைக்கு இவர்கள் வந்து நிற்பது வழக்கம். “சிஸ்டர், என் ரூமில டப்பாவில இருந்து அஞ்சு எடுத்துட்டு வாங்க.” சிஸ்டர் விழித்தாள். “அஞ்சா? இன்னைக்கு நாலுல்லா மேடம். கையில வச்சிருக்கீங்களே.” நாலு இருக்கு, அஞ்சு வேணும் என்றாள் வடிவு. சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு போய் எடுத்துவந்தாள். அவளுக்குக் கணக்கு தெரியும், அந்தப் பிரசவம் பார்த்தவள் அவள்தானே. வடிவு முதல் கொக்கியிலிருந்து இரண்டைக் கழற்றினாள். அடுத்த கொக்கியிலிருந்து மூன்றை. பிறகு பூஜ்யத்தை, பிறகு கடைசி மூன்றை. பலகையில் வெறும் கொக்கிகள், அவற்றைச் சுற்றிலும் ஆறு வருஷ வெயில் படாத இடம் மட்டும் புது நீலமாக இருந்தது. கையிலிருந்த நாலை மூன்றாவது கொக்கியில் மாட்டினாள். அற்புதமணி நீட்டிய ஐந்தை நாலாவதில். முன்னால் இரண்டு கொக்கி காலி. ஆல்வின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவனிடம் போக வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருந்தது.

பேச்சிமுத்து பலகையை உதட்டை அசைத்துப் படித்தான். கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். மறுபடி பலகையை. “நாப்பத்தஞ்சா?” ஆமா என்றாள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பாரம் எங்கே சாய்கிறது என்று அவனுக்கா தெரியாது. நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரிக் கேட்டான். “அப்ப, அவ இங்கன செத்த மாதிரியா கணக்கு?” ஆமா. “இங்கனயே வச்சுப் பாத்திருக்கலாமோ?” இதே கேள்விக்கு ஒரு தடவை பொய் சொல்லியாகிவிட்டது. ரொம்ப நல்ல பொய், முதுகில் தட்டிச் சொன்ன பொய். தொண்டையில் அது மறுபடி வந்து நின்றது, எவ்வளவு பழகிப்போய் வருகிறது பார். “பாத்திருக்கலாம். ரத்தம் இருந்தது. உள்ளேயே இருந்தது. நான்தான் அனுப்பச் சொன்னேன். இந்த நம்பருக்காகச் சொன்னேன்” என்றாள் சண்முகவடிவு. சொல்லிவிட்டு, சொன்னால் இறங்கும் என்று நினைத்த பாரம் இறங்காமல் அப்படியே நிற்பதையும் பார்த்தாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால்கூட நின்றிருப்பாள். பின்பக்கத்திலிருந்து அவன் அக்காவின் குரல் கேட்டது, “ஏல பேச்சி, பாப்பாவைக் கொண்டா, நம்மளக் கூப்பிட்டுட்டாவ.” குழந்தையின் துண்டு நழுவியிருந்தது. யோசிக்காமல் வடிவு அதைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். பேச்சிமுத்து குழந்தையை அவள் கைக்கு எட்டாத மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, ஊசி போடும் அறையைப் பார்த்து நடந்தான்.

கழற்றிய நாலு தகடும் அவள் கையில் இருந்தன. தரையில் அழுதுகொண்டிருந்தவன் பக்கத்தில் போய் அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், சேலையில் தரை துடைத்த லோஷன் ஈரம் பட்டது. “தப்பு உங்க மேல இல்ல தம்பி. ஆனா தப்புதான். இங்கயே வச்சுப் பார்த்திருக்கணும். அதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்றாள். அவன் தலையை ஆட்டினான், எதற்கு ஆட்டினான் என்று தெரியவில்லை. வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள், கதவுகள் திறந்து மூடின, யாரோ சிரித்தார்கள். கிடங்கிலிருக்கும் நாற்பது பலகைகளைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்குவது. அதற்குள் ஊசி போடும் அறையிலிருந்து குழந்தை வீறிட்டது. அம்மா தோளில் போட்டுத் தட்டினால் அடங்குகிற அழுகை. அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. அது அடங்கும் வரை வடிவு காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, “சிஸ்டர், நாளைக்கு ஆறு வேணும். இப்பவே எடுத்து வச்சிருங்க” என்றாள்.